தகைப்பு என்னும் சொல்

சென்ற மாரிகாலத்து மாலையொன்றில் மாணவர் இருவர் என் வீடு தேடி வந்தனர். இருவரும் உயர்தர வகுப்பில் பொறியியல் தொழினுட்பம் பயில்பவர். தமிழ்ப் பண்டிதனிடம் பொறியியல் மாணவருக்கு என்ன வேலை என்று வியந்து, அமரச் சொன்னேன்.

"ஐயா, தகைப்பு என்றால் என்ன?"

"உங்கள் பாடநூல் என்ன சொல்கிறது?"

"ஓரலகுப் பரப்பின்மீது தொழிற்படும் விசை தகைப்பு எனப்படும்" என்று இருவரும் ஒரே மூச்சில் ஒப்புவித்தனர்.

"அப்படியாயின் ஐயம் யாது?"

"அதுதான் ஐயா, சொல்லத் தெரிகிறது. விளங்கவில்லை."

நேர்மையான விடை. எனினும் அது என்னைச் சற்றே சுட்டது. ஏனெனில், இந்நாட்டில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் அறிஞர் ஆக்கித் தந்த கலைச்சொற்களை மேடைகளில் எள்ளி நகையாடியவருள் யானும் ஒருவன். தகைப்பு, விகாரம், மேற்காவுகை என்று அடுக்கிச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்ததுண்டு. அச்சொற்களின் பொருளை ஒருநாளாவது ஆராய்ந்தேனா? இல்லை. அன்று மாலைதான் ஆராய வேண்டி வந்தது.

தகைதல் என்பது தடுத்தல். போக விடாது நிறுத்துதல். ஒரு பொருளை நாம் இழுக்கின்றோம். அது அறுந்து போகாமல் நிற்கின்றதெனில், அதன் உள்ளே ஒவ்வொரு பகுதியும் அயற்பகுதியைப் போகவிடாது பற்றித் தகைத்து நிற்கின்றது என்பதே பொருள். அந்த உள்நின்ற தடுப்பைப் பரப்பினால் வகுத்து அளந்தால் அதுவே தகைப்பு. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய உருக்குக் கம்பியிற் பத்துக் கிலோகிராம் நிறையைத் தூக்கினால், தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 98 நியூற்றன். கம்பியைப் பத்து மடங்கு பருமனாக்கினால் அதே நிறைக்குத் தகைப்புப் பத்திலொன்றாகும். சுமை ஒன்றே, கம்பி படும் பாடு வேறு.

விகாரமோ எமக்குப் பழகிய சொல். நன்னூல் கற்றவர் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றையும் அறிவர். சொல்லில் இயல்பு மாறுவது விகாரமெனில், பொருளின் அளவு மாறுவதும் விகாரமே. மேலே கூறிய கம்பி ஒரு மீற்றர் நீளமாயின், அந்தப் பத்துக் கிலோகிராமுக்கு அரை மில்லிமீற்றரளவு நீளும். நீண்டதை முழு நீளத்தால் வகுத்தால் வருவது விகாரம். இரண்டும் ஒன்றற்கொன்று நேர்விகிதமாக வளரும் என்பதை இங்கிலாந்து தேசத்து றொபேட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். இஃது ஓர் எல்லைவரையே பொருந்தும். அவ்வெல்லை கடந்தால் கம்பி பழைய நிலைக்கு மீளாது.

இவ்வளவும் கேட்டபின் மாணவருள் ஒருவன், "அப்படியாயின் விகாரம் உள்ள இடமெல்லாம் தகைப்பும் இருக்கும், அப்படித்தானே ஐயா?" என்றான்.

பலரும் வழுக்கி விழும் இடம் அதுவே. விடை "இல்லை" என்பதாம். காரணம் வெப்பம்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர்க் கொல்லர் பட்டடையில் வண்டிற் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாக நிற்போம். வளையத்தின் சுற்று, மரச் சில்லின் சுற்றிலும் சற்றுக் குறைவாகவே செய்யப்பட்டிருக்கும். குளிர்ந்த வளையத்தை எத்துணை முயன்றாலும் ஏற்ற இயலாது. ஆதலின் அதைக் கிடையாக வைத்துச் சுற்றிவர விறகும் தென்னம் பொச்சும் அடுக்கித் தீ மூட்டுவர். சிவக்கத் தொடங்கியதும் குறட்டினாற் பற்றித் தூக்கிச் சில்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் தட்டி இறக்குவர். மரம் கருகிப் புகை எழும். உடனே குடங் குடமாக நீர். 'சுரீர்' என்ற ஓசையோடு வளையம் சுருங்க, சில்லின் மூட்டுகள் ஒவ்வொன்றாக நெரிந்து இறுகும் ஓசை கேட்கும். அந்த ஓசைக்காகவே நாங்கள் காத்து நிற்போம்.

இதன் கணக்கு எளிது. ஒரு மீற்றர் உருக்கு, வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு ஏற, ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் நீளும். மிக அற்பமான அளவு. எனினும் மூன்றே முக்கால் மீற்றர் சுற்றுடைய வளையம் 500 பாகை ஏறும்போது 22 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டுவிடும். தீயிற் கிடந்த வளையத்துக்கு இவ்வளவு விகாரமும் உண்டு, தகைப்போ இல்லை. அதை எவரும் தடுக்கவில்லை அன்றோ? தடையின்றி நீண்டது, அவ்வளவே. சில்லில் ஏறிக் குளிரும்போதுதான் மரம் குறுக்கே நிற்கின்றது. வளையம் தன் பழைய அளவுக்கு மீள விரும்பியும் மீள முடியவில்லை. தடுக்கப்பட்ட அந்தச் சுருக்கமே இரும்பினுள்ளே தகைப்பாகி, பல்லாண்டுகாலம் சில்லை இறுக்கிப் பிடித்திருக்கின்றது.

தடுத்தவிடத்துத் தோன்றுவது தகைப்பு. சொல்லாக்கியோரை நகைத்த என் வாய் அன்று அடங்கிற்று.

தண்டவாளத்திலும் நடப்பது இதுவே. இரு தலைப்பும் அசையாதபடி பிணிக்கப்பட்ட உருக்குத் துண்டு முப்பது பாகை சூடேறினால், அதனுள் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் 72 நியூற்றன் அளவு அமுக்கத் தகைப்பு எழும். துண்டு ஒரு முழமாயினும் ஒரு கட்டையாயினும் இத்தொகை மாறாது. நீளம் இக்கணக்கில் வருவதேயில்லை. அறுபது சதுர சென்ரிமீற்றர் குறுக்குப் பரப்புடைய தண்டவாளம் ஒன்றில் இது நாற்பது தொன்னுக்கு மேற்பட்ட நெருக்கு விசையாகும். முன்னாளில் தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விட்டதற்குக் காரணம் இது. இடைவெளியின்றி நெடுந்தூரம் ஒட்டவைத்த தண்டவாளங்களும் இன்று உலகெங்கும் உண்டு. அவற்றைக் குளிருக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையைத் தேர்ந்து பிணிக்கின்றனர். எழும் விசையைச் சிலிப்பர்க் கட்டைகளும் கற்குவையும் தாங்குகின்றன. அவை தளர்ந்தால், கடும் வெயிலில் தண்டவாளம் பாம்புபோலப் பக்கத்தே நெளிந்துவிடும்.

இதுவரை பொருள் முழுவதும் ஒரே சூட்டில் இருப்பதாக வைத்துப் பேசினோம். உண்மையில் அவ்வாறு இருப்பது அரிது. வெப்பம் ஓரிடத்தில் நுழைந்து மறுபுறம் சேரக் காலம் வேண்டும். அது செல்லும் வழி மூன்று. பொருளூடே துணிக்கைக்குத் துணிக்கை கைமாறிச் செல்வது கடத்தல். நீரோ காற்றோ தான் அசைந்து வெப்பத்தைச் சுமந்து செல்வது மேற்காவுகை. காவுதல் என்றாற் சுமத்தல். தோளிற் காவுவது காவடி. இவ்வளவு தெளிந்த சொல்லையா யான் நகைத்தேன்! (மேல் என்னும் அடையைப்பற்றி இன்றும் எனக்குச் சிறு மனக்குறை உண்டு, விசிறியின் காற்றுப் பக்கவாட்டிலும் காவுமே.) இடையே ஒரு பொருளும் வேண்டாது ஞாயிற்றினின்று வருவதுபோல வருவது கதிர்வீசல்.

கடத்தலின் விதியை 1822-இற் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே தம் நூலில் வகுத்தார். இருபுற வெப்பநிலை வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். பரப்புக் கூடினாலும் கூடும். தடிப்புக் கூடினாற் குறையும். எஞ்சியது பொருளின் இயல்பு. செம்பு ஏறத்தாழ 400 என்று கடத்தினால் சாதாரண உருக்கு 50, துருப்பிடியா உருக்கு 15, கண்ணாடி 1, மரம் அதனினும் குறைவு. விடியற்காலையிற் கதவின் இரும்புத் தாழைத் தொட்டாற் குளிர்கின்றது. பலகையைத் தொட்டாற் குளிரவில்லை. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பவையே. இரும்பு நம் கைச்சூட்டை விரைந்து கொண்டுபோகின்றது, பலகை கொண்டுபோகவில்லை. நம் விரல் அறிவது வெப்பநிலையை அன்று, வெப்பம் நம்மைவிட்டுப் போகும் விரைவையே.

இனிக் கண்ணாடிக் குவளைக்கு வருவோம். தடித்த குவளையிற் கொதிநீரை வார்த்தால் 'டிக்' என்று வெடிக்கின்றது. மெல்லிய குவளை தப்புகின்றது. தடித்ததே உறுதியானதென்று நம்புவோர்க்கு இது புதிராகும். உட்சுவர் சூடேறி விரியப் பார்க்கின்றது. கண்ணாடி வெப்பத்தை மெல்லவே கடத்துவதால் வெளிச்சுவர் இன்னும் குளிர்ந்திருக்கின்றது, அது உட்சுவரை விரியவிடாது தகைக்கின்றது, தானும் இழுபடுகின்றது. கண்ணாடி நெருக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆதலின் வெளிப்புறத்தே பிளக்கின்றது. மெல்லிய குவளையில் வெப்பம் விரைவில் மறுபுறம் சேர்வதால் அவ்வளவு வேறுபாடு எழுவதில்லை. வெப்பத்தால் மிகச் சிறிதே விரியும் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியை ஜேர்மனியில் ஒட்டோ ஷொட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்கியதன் பயனை ஆய்வுகூடத்து முகவைகளிற் காண்கின்றோம்.

எங்கள் கேத்தல்களின் அடியிற் படியும் வெள்ளைப் படையையும் மாணவர்க்குக் காட்டினேன். சுண்ணக்கற் பாறையினூடே வரும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் தரும் பரிசு அது. கேத்தலில் அதனால் விறகோ மின்சாரமோ சிறிது வீணாகும், அவ்வளவே. நீராவிக் கொதிகலனில் அது உயிருக்கு உலைவைக்கும். குழாயின் ஒருபுறம் தீ, மறுபுறம் நீர். நீர் வெப்பத்தைக் காவிச் செல்வதனாற்றான் குழாயின் உருக்குத் தாங்கத்தக்க சூட்டில் இருக்கின்றது. இடையே சுண்ணாம்புப் படை வந்தால் வெப்பம் நீரைச் சேரமாட்டாது குழாய்ச் சுவரிலேயே தேங்கும். சாதாரண உருக்கு 400, 500 பாகையளவிற் சூடேறி நிற்குமாயின், சுமை மாறாதிருக்கவும் நாள்தோறும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். ஒருநாட் குழாய் வீங்கி வெடிக்கும். கொதிகலனுக்கு நீரைத் தூய்மை செய்தே விடுவது இதனாலேயாம்.

இவற்றைச் சொல்லிவந்தபோது பழைய நிகழ்ச்சியொன்று என் நினைவில் எழுந்தது.

என் தந்தையார் லொறியின் பழைய வில்லுத் தகடொன்றைக் கொண்டுபோய், கத்தி அடித்துத் தருமாறு அதே கொல்லரிடம் கொடுத்தார். அடித்து முடிந்தது. தோய்ச்சல் போடவேண்டும். செந்நிறமாகக் காய்ந்த உருக்கைச் சட்டெனக் குளிர வைத்தால், இரும்பணுக்களின் அடுக்கினுள்ளே கரி அணுக்கள் வெளியேற நேரமின்றிச் சிறைப்படும், உருக்குக் கடினமாகும். மெல்லக் குளிர விட்டால் அவை பிரிந்து அமைய, உருக்கு மென்மையாகவே நிற்கும். பொருள் ஒன்றே, வெப்பம் வெளியேறும் விரைவே அதன் குணத்தை முடிவு செய்கின்றது. கடினமானதைப் பின்னர் 200, 300 பாகைக்கு மீண்டும் காய்ச்சி, வைக்கோல் நிறமோ நீலமோ தோன்றும் பதம் பார்த்து எடுத்தால் நொறுங்கும் தன்மை குறையும்.

நீரில் இட்டதும் காய்ந்த இரும்பைச் சூழ ஆவிப் போர்வையொன்று மூடும். காய்ந்த தோசைக்கல்லில் நீர்த்துளி உருண்டோடுவதும் அப்போர்வையின் மேலேதான். லைடன்புறொஸ்ற் என்பார் 1756-இல் இதனை விளக்கி எழுதினார். கொல்லர் கத்தியை நீருள் அசைப்பது அப்போர்வையைக் கிழிப்பதற்கே. எண்ணெயோ நீரினும் மெதுவாகக் குளிர்விக்கும்.

"இந்த இரும்பு தண்ணீர் தாங்காது, எண்ணெயிலை தோய்ப்பம் ஐயா" என்றார் கொல்லர். எண்ணெய்ச் செலவை எண்ணித் தந்தையார் மறுத்தார். தண்ணீரிலே தோய்த்தார்கள். வெளியே எடுத்துச் சிறிது நேரம் சென்றபின், எவரும் தொடாமலே கத்தி 'டிக்' என்றது; முதுகிலிருந்து வாய்வரை ஒரு கீறல். புறம் முன்னே குளிர்ந்து இறுகிவிட்டது. அகம் பின்னே குளிர்ந்து கடினமாகும்போது பருமன் சற்றே கூடிற்று. இறுகிய புறம் அதற்கு இடங்கொடாது இழுபட்டுப் பிளந்தது. குவளையின் கதையே வேறொரு வடிவில்.

மாணவன் "தோய்ச்சல்" என்ற சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். கத்தி என்னவாயிற்று என்று மற்றவன் கேட்டான். கொல்லரின் கைப்பிழை என்றே தந்தையார் இறுதிவரை சொல்லிவந்தார். நானும் அப்படியே நம்பியிருந்தேன். அன்று அவருக்குக் கூலி கொடுக்கப்படவில்லை.