கை நடுங்கினால் என்ன? வீட்டில் துடைப்பக் கம்பு இருக்கிறதே!

"எனக்குக் கை நடுங்கும். ஓவியமெல்லாம் எனக்குச் சரிப்படாது." இடைநிலைப்பள்ளியில் கலைக் கல்விப் பாடத்தை விட்டுவிடும் மாணவர்கள் பலர் சொல்லும் காரணம் இது. ஆனால் இவர்களே தேர்வுத் தாளில் முத்து முத்தாக எழுதுவார்கள். எழுதும்போது நடுங்காத கை, தூரிகை பிடித்தால் மட்டும் நடுங்குவது ஏன்?

எழுதும்போது மணிக்கட்டு மேசையில் படிந்திருக்கிறது. அசைவது விரல்கள் மட்டுமே. சுவரிலோ நிமிர்ந்து நிற்கும் பலகையிலோ தீட்டும்போது முழுக் கையும் அந்தரத்தில் நிற்கிறது. தோளில் ஏற்படும் சின்ன அசைவு, நீண்ட கையின் நுனிக்கு வரும்போது பெரிதாகிவிடுகிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்களின் கைகூட நொடிக்கு 8 முதல் 12 முறை மெலிதாக அதிரத்தான் செய்யும். களைப்பும் பதற்றமும் இரண்டு கிளாஸ் காப்பியும் சேர்ந்தால் அந்த அதிர்வு கூடும்.

இதற்குப் பழைய ஓவியர்கள் கண்ட தீர்வு ஒரு குச்சி. ஆங்கிலத்தில் அதை 'மால்ஸ்டிக்' என்பார்கள். டச்சு மொழியிலிருந்து வந்த பெயர்; 'ஓவியம் தீட்டும் கோல்' என்று பொருள். நாம் கைதாங்கிக் கோல் என்று சொல்லலாம்.

1548ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகர ஓவியர் காத்தரீனா வான் ஹெமெஸ்ஸன், தாம் ஓவியம் தீட்டும் காட்சியையே ஓவியமாக வரைந்தார். அதில் அவர் கை இந்தக் கோலின்மேல்தான் இருக்கிறது. தம் வயது 20 என்றும் அந்தப் படத்திலேயே எழுதி வைத்தார். இப்போது அது சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. பிறகு வந்த வெர்மீர் தீட்டிய 'ஓவியக் கலை' என்ற படத்திலும், நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கும் ஓவியர் கோலில் கையூன்றித்தான் வரைகிறார். பெரிய ஓவியர்களுக்கே தாங்கல் தேவைப்பட்டிருக்கிறது என்றால் நமக்கென்ன கூச்சம்?

எனக்கு இந்தக் கோல் அறிமுகமானது ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில். ஸ்கூடாயில் படிக்கும் நாங்கள் சிலர், பள்ளி திறப்பதற்கு முன் முதலாம் ஆண்டு வகுப்பறைச் சுவரில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வார இறுதி. எண்ணெய்ச் சாயம் ஈரக் காற்றில் சீக்கிரம் காயாது. ஆகவே எழுதிய இடத்தில் கையை ஊன்ற வழியில்லை. இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும். பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் விரலால் எழுதிப் பழகுவார்கள். கோணலான எழுத்தைக் காட்டிக் கொடுப்பதைவிட, அச்சடித்து ஒட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதற்கு எங்களிடம் பணம் போதவில்லை.

பிள்ளையை அழைத்துப் போக வந்த தாத்தா ஒருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முன்பு கடைப் பெயர்ப்பலகை எழுதியவராம். "ஏம்மா, கைய அந்தரத்துல வச்சிக்கிட்டா எழுத்து எப்படி நிக்கும்? ஒரு கம்பு கொண்டாங்க" என்றார். பள்ளியில் கிடைத்த பொருள்களை வைத்தே பத்து நிமிடத்தில் கோல் தயார்.

தேவையானவை:

1. துடைப்பக் கம்பு, மூங்கில் அல்லது பழைய மோப்புக் கம்பு. நீளம் 80 முதல் 100 சென்டிமீட்டர். இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வேறு கம்பு தேடுங்கள்.

2. பழைய தலையணைப் பஞ்சு ஒரு பிடி. கிழிந்த காலுறையும் போதும்.

3. பழைய பருத்தித் துணி ஒரு துண்டு.

4. தே தாரிக் 'புங்குஸ்' கட்டி வரும் ரப்பர் வளையம் இரண்டு.

கம்பின் ஒரு முனையில் பஞ்சை வைத்து, பிங்பாங் பந்து அளவுக்குத் துணியால் இறுகச் சுற்றி ரப்பரால் கட்டுங்கள். கம்பின் மற்றப் பகுதியில் சிலாம்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

வலக்கைக்காரர்கள் கோலின் வெறும் முனையை இடக்கையில் பிடிக்க வேண்டும். பஞ்சு முனையைச் சாயம் படாத இடத்திலோ, காய்ந்த பகுதியிலோ, சட்டத்தின் ஓரத்திலோ ஊன்றுங்கள். கோல் சுவரைத் தொடாமல் சாய்வாக நிற்கும். அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்துத் தீட்டுங்கள். நேர்க்கோடு வேண்டுமென்றால் கையைக் கோலின்மேல் வழுக்கியபடி இழுக்கலாம். சுழி வேண்டுமென்றால் மணிக்கட்டை நிறுத்தி விரல்களை மட்டும் சுழற்றலாம். இடக்கைக்காரர்கள் இதையே மாற்றிப் பிடித்தால் சரி. துணியால் ஆன ஓவியப் பரப்பில் பஞ்சு முனையை அழுத்தக் கூடாது, பள்ளம் விழும். துணியில் சாயம் பட்டால் உடனே வேறு துணி மாற்றுங்கள்.

மேசையில் வரைபவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. தாளின் இருபுறமும் ஒரே உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே கெட்டியான மர அடிக்கோலைப் பாலம்போல் வையுங்கள். அதன்மேல் கையை வைத்தால் ஈரச் சாயத்தில் சட்டைக்கை படாது. தீபாவளிக்கு அகல் விளக்கில் பூ வரைய இந்தப் பாலம் மிகவும் உதவும்.

எங்கள் சுவர் ஞாயிறு மாலைக்குள் முடிந்தது. மூன்று கோல்கள் செய்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். 'எனக்குக் கை நடுங்கும்' என்று சாயம் கலக்கும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிய தோழிதான் கடைசியில் 'ழ', 'ள', 'ற', 'ன' நான்கையும் எழுதினாள்.

கோல் பிடித்தவுடன் எல்லாரும் ஓவியராகிவிட முடியாது. அளவும் நிறமும் பயிற்சியால்தான் வரும். ஓய்வாக இருக்கும்போதும் கை நடுங்கினாலோ, நடுக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ மருத்துவரைப் பார்ப்பதே முறை. மற்றபடி, தூரிகையைக் கீழே வைப்பதற்கு முன் வீட்டின் பின்கட்டில் ஒரு கம்பு கிடக்கிறதா என்று பாருங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. துடைப்பம் அவருக்கும் வேண்டும்.