அறுத்ததை மீண்டும் விதைக்கும் உரிமை

2019 ஏப்ரலில் குஜராத்தின் சாபர்காண்டா மாவட்டத்துச் சிறு விவசாயிகள் நால்வர் மீது பெப்சிகோ இந்தியா நிறுவனம் வழக்குப் போட்டது. சிப்ஸ் தயாரிப்புக்கென்று தான் பதிவு செய்து வைத்திருந்த எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்களால் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை அது. அகமதாபாத் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. பிறகு நிறுவனம் சமரசம் பேசியது: எங்களிடம் விதைக்கிழங்கு வாங்கி விளைச்சலை எங்களுக்கே விற்றுவிடுங்கள், இல்லையென்றால் இந்த ரகத்தைக் கைவிடுங்கள். விவசாய அமைப்புகள் நாடெங்கும் எதிர்ப்புக் கிளப்பின. மே மாதம் வழக்குகள் வாபஸ் ஆயின.

எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்தது ஒரே ஒரு சட்டப் பிரிவைத்தான். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பிரிவு 39(1)(iv). தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கவும் விதைக்கவும் மறுபடி விதைக்கவும் பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது அது. இன்னொருவர் பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும் இது பொருந்தும். ஒரே நிபந்தனை, பெயரும் முத்திரையும் அச்சிட்ட பையில் அடைத்து அந்த ரகத்தின் விதை என்று விற்கக் கூடாது.

இந்தப் பிரிவு தானாக வந்துவிடவில்லை. 1995இல் அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, எல்லா உறுப்பு நாடுகளும் பயிர் ரகங்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டியதாயிற்று. ஆனால் காப்புரிமை மூலமா, சொந்தமாக ஒரு சட்டம் வகுத்தா என்பதை அந்தந்த நாட்டிடம் விட்டது ஒப்பந்தம். இந்தியா இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. புது ரகம் கண்டுபிடித்த நிறுவனத்துக்கு மரப்பயிர் என்றால் 18 ஆண்டு, மற்றவற்றுக்கு 15 ஆண்டு உரிமை கொடுத்தது. விவசாயியின் விதையையும் காப்பாற்றியது. ஆராய்ச்சிக்குச் செலவழித்தவர் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதற்காக உழவர் தன் குதிருக்குள் இருக்கும் விதைக்குக் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

ஏழை நாடுகள் பலவற்றுக்கு, சொந்தமாகச் சட்டம் வகுக்கும் இந்த வாய்ப்பு வேகமாகக் குறுகி வருகிறது. யூபோவ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் 1991ஆம் ஆண்டு வடிவத்தில் சேரும்படி வர்த்தக ஒப்பந்தங்கள் வழியாக அவற்றை நெருக்குகிறார்கள். அதில் சேர்ந்த நாட்டில், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை விவசாயி தன் நிலத்துக்கு எடுத்துவைப்பதுகூட அரசு தனியாக விலக்கு அளித்தால்தான் நடக்கும். விற்பதற்கு அந்த விலக்கிலும் இடமில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சிறு விவசாயிகளின் விதையில் பெரும்பகுதி சொந்த அறுவடையிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் உள்ளூர்ச் சந்தையிலிருந்தும் வருகிறது. அந்தப் புழக்கத்தை முடக்கினால் ஒவ்வொரு பருவமும் கிராமத்துப் பணம் விதைக்காக வெளியே போகும். இதைப் பொருளாதார வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகள் டிரிப்ஸ் விதிகளில் பெரும்பாலானவற்றை 2034 ஜூலை 1 வரை அமல்படுத்த வேண்டியதில்லை. தங்கள் நிலத்துக்கேற்ற சட்டத்தை எழுதிக்கொள்ள அவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

சட்டத்தில் உரிமை இருந்தும் நம் ஊர் விவசாயி எங்கே ஏமாறுகிறார்? பெரும்பாலும் ஒப்பந்தச் சாகுபடியில். விளைச்சல் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும், விதை எடுத்துவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள், ஒரு நகலைக் கையோடு வாங்கி வையுங்கள்.

நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த ரகத்துக்கு உரிமை இருப்பது தெரியாமல் பயிரிட்டிருந்தால் 2001 சட்டத்தின் பிரிவு 42 உங்களைக் காக்கும். இந்தச் சட்டப்படியான நடவடிக்கைகளில், அதை நிர்வகிக்கும் ஆணையத்திலும் உயர் நீதிமன்றத்திலும் விவசாயி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்கிறது பிரிவு 44. பெப்சிகோவின் எஃப்.எல். 2027 பதிவை ஆணையம் 2021 டிசம்பரில் ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 ஜனவரியில் அந்த ரத்தை நீக்கி நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிவு நிலைத்தாலும் பிரிவு 39 அப்படியேதான் இருக்கிறது.

விதை பொய்த்தால்? பதிவு பெற்ற ரகம் நிறுவனம் சொன்னபடி விளையவில்லை என்றால் பிரிவு 39(2)இன் கீழ் ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கு நிற்பது சான்றுகளில். ரசீது, பையோடு வந்த டேக், காலிப் பை, ஒரு கைப்பிடி விதை ஆகியவற்றை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். பயிர் நிற்கும்போதே வேளாண் அலுவலரை வரவழைத்து ஆய்வறிக்கை பெறுங்கள். உழுதுவிட்ட வயலைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.

தலைமுறையாகக் காத்துவரும் நெல், கத்தரி, சிறுதானிய ரகம் உங்களிடம் இருக்கிறதா? அதை உழவர் ரகமாக உங்கள் பெயரிலோ ஊர்க் குழுவின் பெயரிலோ கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். விண்ணப்பம் புது டெல்லி ஆணையத்துக்குப் போக வேண்டும். பக்கத்து வேளாண் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ உதவி கேளுங்கள். பதிவான பிறகு, அந்த ரகத்தை வைத்து நிறுவனம் ஒன்று வேறு ரகம் உருவாக்கினாலும், அதைக் காத்த உழவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது பிரிவு 43.