பூமிக்குள் கிடக்கும் பழைய எண்ணெய்த் தொட்டிகள்

ரேஷன் கார்டுக்கு மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிய காலத்தில் நம் கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் மண்ணெண்ணெய் பங்க் நடத்தி வந்தன. கையில் டின்னுடன் அங்கே வரிசையில் நின்ற நினைவு அங்கத்தினர் பலருக்கு இருக்கும். சமையல் எரிவாயு வீடுதோறும் வந்து, மத்திய அரசின் மண்ணெண்ணெய் மானியமும் 2020-ஆம் ஆண்டோடு நின்றுபோன பிறகு அவ்வியாபாரம் சுருங்கிவிட்டது. பங்க் மூடிய இடங்களில் பம்பைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். கொட்டகையில் உர மூட்டை அடுக்குகிறார்கள். தரைக்குக் கீழே இருக்கும் இரும்புத் தொட்டியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் கணக்குக்கும் தெரியாமற் போய்விடுகிறது.

இது சங்கங்களை மட்டும் பொறுத்த விஷயமன்று. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் 1990-களின் பிற்பகுதி தொடங்கி மோட்டார் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறைகளும் பெருகின. 2008-ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் மாநிலத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது ஜெனரேட்டர் இன்றிப் பட்டறை நடத்துவது இயலாத காரியமாயிற்று. ஜெனரேட்டர் வந்தால் டீசல் வரும். டீசல் வந்தால் அதைச் சேர்த்துவைக்க இடம் வேண்டும். கொதிகலனுக்குப் பர்னஸ் ஆயில் எரிக்கும் சாயச்சாலைக்கும் இதே நிலைமைதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட விவசாயிக்கு, காலம் முடிந்து நிலம் திரும்பும்போது, அதிலே புதைத்த தொட்டி இருந்தால் அதுவும் சேர்ந்தே திரும்புகிறது. சிறிய சேமிப்புக்களுக்கு உரிமப் பதிவும் இராது. ஏனெனில், மண்ணெண்ணெய், டீசல் வகையை மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், ஒவ்வொரு கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படாமலும் வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை.

உபயோகத்தில் இருக்கும் தொட்டியைவிட உபயோகமற்ற தொட்டியே அதிக அபாயமானது. முன்னதில் தினமும் அளவுக் கோல் விட்டுப் பார்ப்பவர் ஒருவராவது இருக்கிறார். அவர் கண்ணுக்கும் தப்பக்கூடிய கசிவுகள் உண்டு என்பதைக் கணக்கிட்டே அறியலாம். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர். வருஷத்தில் 1,500 லிட்டருக்கு மேல். ஆனால் 10,000 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 4 லிட்டர் குறைந்தால் மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. எண்ணெயின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே அதன் கொள்ளளவு சுமார் 10 லிட்டர் பெருகும். ஆகவே காலை அளவும் மாலை அளவும் கசிவை மூடி மறைத்துவிடும். அளப்பவரும் போய்விட்ட தொட்டியின் கதி என்ன ஆகும்?

அதன் அடியில் எப்போதும் கொஞ்சம் எண்ணெயும், காற்றின் ஈரம் குளிர்ந்து சேர்ந்த தண்ணீரும் தங்கியிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இரும்பை உள்ளிருந்து அரிக்கின்றன. வெளியிலிருந்து ஈரக் களிமண் அரிக்கிறது. துரு சமமாகப் பரவுவதில்லை. ஊசி முனையளவு குழிகளாகத் தோண்டிக்கொண்டே போகும். ஒரு குழி துளையானால் போதும்.

வெளியேறிய எண்ணெய் மண்ணில் நேரே கீழிறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்க எண்ணெயும் இறங்குகிறது. ஐப்பசி மழையில் ஏற அதுவும் ஏறுகிறது. இவ்வாறு வருஷந்தோறும் ஏறி இறங்கி, பல அடி ஆழத்துக்கு மண்ணைப் பூசிவிடுகிறது. சென்னைத் தண்டையார்பேட்டையில் நடந்தது இதற்குத் தக்க சாட்சி. 2013-ஆம் ஆண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பகுதி வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருளும் வந்தது. துறைமுகத்திலிருந்து செல்லும் பாரத் பெட்ரோலியத்தின் குழாய் கசிந்ததே காரணம் என்று கண்டார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கசிந்தது தொட்டியன்று, குழாய்தான். ஆயினும் மண்ணுக்குள் எண்ணெய் நடந்துகொள்ளும் முறை ஒன்றே. கசிவை நிறுத்துவது சில நாள் வேலை. மண்ணில் இறங்கியதைத் திரும்ப எடுப்பது பல வருஷ வேலை.

அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களில் வீட்டைச் சூடாக்குவதற்கென்றே தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி புதைப்பது பழைய வழக்கம். இயற்கை வாயு வந்த பிறகு அவற்றை மறந்தார்கள். இப்போது வீடு வாங்குவோர், அடியில் தொட்டி உண்டா என்று கருவி கொண்டு தேடிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கிறார்கள். அந்நாட்டில் 1984-இல் நிலத்தடித் தொட்டிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். அது முதல் 5 லட்சத்துக்கும் அதிகமான கசிவுகள் உறுதியாகியுள்ளன. ஆனால் வீட்டு உபயோகத்துக்கான சூட்டெண்ணெய்த் தொட்டிகளை அம்மத்தியச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே பல இடங்களில் செலவு வீட்டுக்காரர் தலையிலேயே விழுகிறது. நம் விவசாயியின் நிலைமையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

இனி, தொட்டியை எடுக்கும் முறையைச் சொல்லவேண்டும். உரிமம் உள்ள தொட்டியானால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு முதலில் எழுத வேண்டும். அதன் அலுவலகம் சென்னையில் உண்டு. எஞ்சிய எண்ணெயை இறைத்த பின் அடியில் நிற்கும் கசண்டு, 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதைச் சாக்கடையில் விடக்கூடாது; பீப்பாயில் அடைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

உயிர்ச் சேதம் நேருவது இதற்கடுத்த கட்டத்தில்தான். மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போலச் சட்டென்று பற்றாது என்ற தைரியத்தில் காலித் தொட்டியைக் கேஸ் கட்டிங் கொண்டு அறுக்கத் தொடங்குகிறார்கள். 35 டிகிரியைத் தாண்டிச் சூடேறினாலே மண்ணெண்ணெய் ஆவி தீப்பற்றும் நிலையை எட்டக்கூடும். வெட்டும் சுவாலையின் அருகே இரும்பின் சூடு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிய ஒரு மெல்லிய படலமே தொட்டியை வெடிகுண்டாக்கிவிடும். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் வெடிக்கும். எனவே நைட்ரஜன் செலுத்தியோ வேறு தகுந்த முறையிலோ ஆவியை நீக்கி, தகுதி பெற்ற ஒருவர் கருவியால் சோதித்து, ஆவியற்றது என்று எழுத்து மூலம் சான்று கொடுத்த பிறகே நெருப்பு அருகில் வரலாம். உள்ளே ஆள் இறங்குவதோ முற்றிலும் வேறு விஷயம். காற்றில் 21 சதவீதம் இருக்கவேண்டிய பிராணவாயுவைத் துருவே உறிஞ்சிவிடும். நைட்ரஜன் செலுத்திய தொட்டியில் அது அறவே இராது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்றச் சென்றவரும் மாள்வது நாம் கழிவுநீர்த் தொட்டிகளில் அடிக்கடி கேள்விப்படும் துயரம். சுத்தம் செய்வதை மேலிருந்தே செய்துவிட வேண்டும்.

காலம் பார்ப்பதும் அவசியம். 10,000 லிட்டர் தொட்டி, மழையால் நீர் ஊறிய மண்ணில் காலியாக இருந்தால் 10 டன் விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். அதன் சொந்த எடையோ ஓரிரு டன்தான். தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, குழாய்களை முறித்துவிடும். மாசி முதல் வைகாசிக்குள் வேலையை முடிப்பது உத்தமம். எடுத்த தொட்டியைக் கழுவித் தண்ணீர் சேர்க்கப் பயன்படுத்தலாம் என்ற சிக்கன யோசனை சிலருக்குத் தோன்றும். அதை நிர்வாகக் குழு உடனே தள்ளிவிட வேண்டும்.

கிரேன் தொட்டியைத் தூக்கியதும் எல்லோரும் தொட்டியைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது குழியை. மண் கறுத்தோ சாம்பல் நிறமாகவோ இருக்கிறதா, வாடை வீசுகிறதா என்று கவனித்து, தொட்டியின் இரு முனைகளின் கீழிருந்தும், குழாய் இணைப்புகளின் கீழிருந்தும் மண் எடுத்து, கண்ணாடிக் குப்பியில் நிறைய அடைத்து, பனிக்கட்டியில் வைத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு அன்றே அனுப்ப வேண்டும். மூக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பழைய எண்ணெய்க்கு வாடை குறைந்துவிடும். கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும். நெசவாளருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. எண்ணெய்ப் படலம் கலந்த நீரில் தோய்த்த பட்டில் சாயம் ஒரே சீராகப் பிடிக்காது.

கெட்ட மண்ணை ஏரிக்கரைக்கோ, வீட்டு அஸ்திவாரத்துக்கோ, வயல் மேட்டுக்கோ கொண்டுபோனால் ஓர் இடத்து நோயைப் பத்து இடத்துக்குப் பரப்பியவர்களாவோம். எண்ணெய் தோய்ந்த மண் தண்ணீரை உள்ளே விடாது; விதை முளைக்காது; முளைத்தாலும் பயிர் மஞ்சளிக்கும். இம்மஞ்சளுக்குக் காரணம் விவசாயிக்குப் புரியக்கூடியதே. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி, மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. மக்காத எருவை வயலில் போட்டால் நேருவதும் இதுதானே!

அப்பாக்டீரியாக்களே நமக்கு உதவியுமாகின்றன. வாரியத்தின் அனுமதியோடு, கசியாத விரிப்பின்மேல், மழை படாத கூரையின்கீழ் மண்ணைப் பரப்பி, ஈரம் காத்து, அடிக்கடி கிளறிக் காற்று விட்டு, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்த்தால் அவை எண்ணெயைச் சிதைத்துவிடும். கரிமம் 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது பொதுவான கணக்கு. மண்ணெண்ணெய், டீசல் சில மாதங்களில் வெகுவாகக் குறையும். பர்னஸ் ஆயில் பிடிவாதமானது. நம் நாட்டிலேயே டெரி நிறுவனம் இத்தகைய பாக்டீரியாக் கலவை ஒன்றை உண்டாக்கி, சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசண்டுக்குப் பயன்படுத்தியுள்ளது. மிகக் கெட்ட மண் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயகரக் கழிவு நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அச்செலவு லேசானதன்று.

செலவை யார் ஏற்பது? இராணிப்பேட்டையில் குரோமியம் உப்புத் தொழிற்சாலை ஒன்று 1995-இல் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு பல பத்தாண்டுகள் அங்கேயே குவிந்து கிடந்தது. மாசடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்கவும், வாரியம் சோதிக்கவும், மாசு செய்தவரே செலவு ஏற்கவும் அவை வழி செய்கின்றன. ஆனால் மாசு செய்தவர் இன்னார் என்று காட்டுவதற்குப் பத்திரம் வேண்டுமல்லவா?

ஆகையால் நிலத்தைக் குத்தகைக்கு விடும் அங்கத்தினர், விடுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்த சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கட்டும். எண்ணெய்த் தொட்டி எங்கே, எவ்வளவு, தரைக்கு மேலா கீழா என்பதை வரைபடத்தில் குறித்து இரு தரப்பாரும் கையெழுத்திடட்டும். தொட்டியை எடுத்து, அடி மண் சுத்தம் என்ற சான்று தரும்வரை முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பாது என்று எழுதிக்கொள்ளட்டும். பங்க் மூடிய சங்கங்கள், தொட்டி புதைத்த இடத்தை அறிந்த பழைய விற்பனையாளர் ஊரில் இருக்கும்போதே அவரை அழைத்துச் சென்று அவ்விடத்தில் ஒரு கல் நட்டுவைப்பது நல்லது.