சுங்க வரியும் எதிர்வரியும்

அயல்நாட்டுச் சரக்கின்மீது சுங்க வரியை உயர்த்தினால் உள்நாட்டுத் தொழில் தழைக்கும் என்பதே காப்பு வரிக் கொள்கை. இதன் மறுபக்கத்தையும் நாம் காணல் வேண்டும்.

1930ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் வாயிலாக, ஒரு டஜன் முட்டைக்கு 8 சென்டாக இருந்த வரியை 10 சென்டாக்கிற்று. கனடாவோ தனது 3 சென்ட் வரியை 10 சென்டாக உயர்த்தியது. விளைவு யாது? 1929இல் கனடாவுக்கு 9 லட்சம் டஜனுக்கு மேல் முட்டை அனுப்பிய அமெரிக்கர், 1932இல் 8 ஆயிரம் டஜன்கூட அனுப்பவில்லை. பொருளாதார மந்தமும் உடன் சேர்ந்தது. எனினும் வரியால் காக்கப்பட வேண்டிய உழவரே சந்தையை இழந்தனர்.

இப்பட்டறிவின் பயனாகவே 1947இல் இந்தியா உள்ளிட்ட 23 நாடுகள் சுங்க வரி, வாணிகம் பற்றிய பொது உடன்படிக்கையைச் செய்துகொண்டன. 2025இல் அமெரிக்கா மீண்டும் வரிகளை உயர்த்தியபோது, சீனாவும் கனடாவும் எதிர்வரி விதித்தன. வரியால் வரும் ஆதாயத்தை எண்ணும்போது, எதிர்வரியால் வரும் நட்டத்தையும் நாம் கணக்கிடுதல் வேண்டும்.