உங்களுக்குத் தெரியுமா? உயிரியல் படிக்காமலும் ஆஸ்பத்திரியில் உயிர் காக்கலாம்

வட்டவளையில் உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு எடுத்த பிள்ளைக்கும் மருத்துவத் துறையில் இடமுண்டு. அந்த இடம்தான் உயிர்மருத்துவப் பொறியியல். அதற்கு வேண்டியவை இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இது நான்கு வருடப் பட்டம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு.

இந்தத் துறைக்கு உதாரணமாக, விரல் நுனியில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகள் விரலுக்குள் பாய்கின்றன. ஒட்சிசன் ஏறிய இரத்தம் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஒட்சிசன் குறைந்த இரத்தம் சிவப்பை உறிஞ்சும். நாடி துடிக்கும்போது மாறுகிற ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால் விடை கிடைத்துவிடும். எவ்வளவு அழகான யோசனை! 1974இல் இதை வெளியிட்ட தக்குவோ அயோயகி மருத்துவர் அல்லர், ஜப்பானியப் பொறியியலாளர்.

வேலை? சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைப் பிரிவு, தனியார் ஆஸ்பத்திரிகள், கருவி இறக்குமதி நிறுவனங்கள், ஆராய்ச்சி. இந்திய உதவியோடு டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் கட்டி 2017 மே மாதம் திறந்த ஆஸ்பத்திரி போன்றவற்றில் கருவி பழுதானால் நோயாளிதான் காத்திருக்க வேண்டும். ஆகவே உயிர்மருத்துவப் பொறியியலாளர்கள் மலையகத்துக்கு மிக அவசியம்.

பெற்றோர் கவனிக்க: பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீத இடங்கள் தனியாக உண்டு. நுவரெலியா அவற்றில் ஒன்று.