லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகுதா? ஹார்ட் டிஸ்க்கை நீங்களே செக் பண்ணலாம்!

ஒரு ஃபைலைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறதா? நேற்று நன்றாக இருந்த போட்டோ இன்று 'கரப்ட்' என்கிறதா? சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன், கம்ப்யூட்டரிலேயே இருக்கும் டூலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லை.

முதல் வேலை பேக்கப்!

முக்கியமான ஃபைல்களை வேறு டிரைவிலோ, கிளவுடிலோ காப்பி பண்ணிடுங்க. ஏற்கெனவே பழுதான டிஸ்க், ஸ்கேன் நடக்கும்போதே மொத்தமாகப் படுத்துவிடலாம்.

விண்டோஸில் எப்படி?

'திஸ் பிசி'யைத் திறந்து, சி டிரைவில் ரைட் கிளிக் செய்யுங்கள். புராப்பர்டீஸ், டூல்ஸ், செக் என வரிசையாகப் போங்கள். 'ஸ்கேன் தேவையில்லை' என்று வந்தாலும் 'ஸ்கேன் டிரைவ்' கொடுக்கலாம். பிழை இருந்தால் சரிசெய்ய ரீஸ்டார்ட் கேட்கலாம். அப்போது சார்ஜரைக் கழற்றாதீங்க, நடுவில் ஆஃப் பண்ணாதீங்க.

மேக்கில்?

'டிஸ்க் யுடிலிட்டி'யில் டிரைவைத் தேர்வு செய்து, 'ஃபர்ஸ்ட் எய்டு' கொடுத்தால் போதும்.

எல்லாம் சரியாகிடுமா?

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கில் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதுதான் ஃபைல் சிஸ்டம். திடீர் பவர் கட்டால் அதில் வரும் குழப்பத்தை இந்த டூல் திருத்தும். டிஸ்க்கே தேய்ந்துபோயிருந்தால் திருத்த முடியாது. சரிசெய்த பிறகும் அதே பிழை திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்குதா? ஸ்கேன் வேண்டவே வேண்டாம். உடனே ஆஃப் செய்துவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.