‘சொந்த ஊரில் எந்தத் தெரு?’

கூடுவாஞ்சேரி பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்த தம்பி அண்மையில் நம்மைப் பார்க்க வந்தார். பி.காம். முதல் வகுப்பு, வீட்டில் முதல் பட்டதாரி. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். கணக்குப் பாடத்தில் இரண்டு கேள்விகளுக்குத் தடுமாறியிருக்கிறார். பிறகு, “அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்டிருக்கிறார்கள். “சொல்லி அனுப்புகிறோம்” என்றவர்கள் சொல்லவே இல்லை. இது ஏழாவது இடம். “எனக்குத்தான் ஒன்றும் வராது போல, தோழர்” என்றார்.

தாம்பரத்தில் காலை மின்சார ரயில் ஏறும் நம் பிள்ளைகளில் பலர் மாலையில் இந்த நினைப்போடுதான் இறங்குகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நிராகரிப்பில் நாம் கற்க வேண்டியதும் உண்டு, நம் குற்றமே அல்லாததும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. 2005-06இல் பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் நாளிதழ் விளம்பரங்களைப் பார்த்து, தனியார் நிறுவனங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். தகுதி சமமாக இருந்தும், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முகத்தைப் பார்க்கும் முன்பே இந்த நிலை.

நம் மாநிலத்தில் பெயரோடு சாதி வருவதில்லை. 1929இல் இதே செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைக் கைவிடத் தீர்மானம் போட்டது. பெயர் காட்டிக்கொடுக்காத இடத்தில், ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி காட்டிக்கொடுக்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல் அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். தங்க இடமில்லை, பார்சி விடுதியில் இருந்து 11ஆம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். பம்பாய் திரும்பி, பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். 1918இல் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1920இல் மீண்டும் லண்டனுக்குப் படிக்கப் போனார். விரட்டியவர்களின் தீர்ப்பைத் தன் தகுதிக்கான தீர்ப்பாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? நேர்காணல் முடிந்த அன்றிரவே, கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். வேலை பற்றிய கேள்விகள் ஒரு பக்கம். குடும்பம், ஊர், தெரு பற்றியவை மறுபக்கம். முதல் பக்கத்தில் பதில் தெரியாதவற்றை அந்த வாரமே படியுங்கள். இரண்டாம் பக்கத்துக்காகத் தலைகுனிய வேண்டாம். “அப்பா கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்” என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரிந்த வேலையைப் பற்றிப் பேசுங்கள். ஞாயிறு மாலை ஐந்து பேர் அம்பேத்கர் மன்றத்தில் கூடி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம் உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். தேர்வுக் கட்டணம் இல்லை. பள்ளி முதல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. தாட்கோ மூலம் இலவசத் திறன் பயிற்சிகள் நடக்கின்றன. மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “இவ்வளவு படித்தும் சும்மா இருக்கிறான்” என்று உறவினர் முன்னால் சொல்லாதீர்கள். வெளியே மூடிய கதவு வீட்டிலும் மூடக் கூடாது.

அரசுக்கும் ஒன்று. சிறுசேரி சிப்காட் போன்ற வளாகங்கள் அரசு நிலம் எடுத்துத் தந்து வளர்ந்தவை. அங்குள்ள தனியார் வேலைகளில் இடஒதுக்கீட்டுக்கு இன்றுவரை சட்டம் இல்லை. அதைக் கேட்க வேண்டியது அந்தத் தம்பி மட்டுமல்ல, நாம் எல்லோரும்.

தம்பி நோட்டு வாங்கிவிட்டார். அதன் முதல் பக்கத்தில் அந்த இரண்டு கணக்குக் கேள்விகள் இருக்கின்றன. விடையும் எழுதிவிட்டார்.